மரத்துப்போன கால் பழகாது, கண்ணு

என் கண்ணுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது, நடுவிலேயே நான் ‘அடுப்புல பால் வெச்சிருக்கறேன், அப்பறம் பேசறேன்’ என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் ஏதும் இல்லை. நீ உற்சாகமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய். புனேயிலிருந்து கோவா வரைக்கும் சிநேகிதர்களோடு சைக்கிளில் போகப்போவதையும், எந்த ஊரில் தங்குவீர்கள், எங்கே மலை ஏற்றம் வரும் என்பதையும் எல்லாம் சொன்னாய். கடைசியில் போகிற போக்கில், ‘ரொம்ப தூரம் ஓட்டுனா கால் விரலெல்லாம் மரத்துப்போகுதும்மா. எல்லாத்துக்கும் அப்படித்தானாம். பழகிரும்’ என்றாய். அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பிறகு நீ சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. போனில் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லலாம். ஆனால் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ ‘சரிம்மா, பாத்துக்கறேன்மா’ என்று முடித்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பாதியில் மூடி வைக்காமல் படி.

உன் அப்பா மில் பஸ் ஓட்டியது உனக்குத் தெரியும். ஷிப்டுக்கு வருகிறவர்களைச் சூலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏற்றி வந்து, முடிந்து போகிறவர்களை இறக்கிவிட்டு வருவார். சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த பிறகு மாத்திரையை நேரம் தவறாமல் போட்டார், காப்பிக்குச் சர்க்கரையை நிறுத்தினார், எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். கால் மரத்துப்போவதை மட்டும் அவர் அந்த நோயோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் சகஜம் என்று நினைத்துக்கொண்டார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சிரித்தபடியே சொன்னார், ‘கிளட்ச்ச மிதிக்கறனா இல்லயான்னு எனக்கே தெரியறதில்ல அம்மணி. சத்தத்த வெச்சுத்தான் கண்டுபுடிக்கறேன்.’ கையில் எடுத்த கரண்டியைக் கீழே வைத்தேன். ‘டாக்டருகிட்டச் சொன்னீங்களா?’ என்று கேட்டேன். ‘இதப் போயி என்னத்தச் சொல்றது? பழகிப்போச்சு’ என்றார். நான் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவரும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். ஷூவுக்குள் கிடந்த ஒரு கம்பித்துண்டு நாள் முழுக்க அவர் காலைக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது. முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. நீ காலேஜிலிருந்து வந்து அவரைக் கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போன அந்த மாதங்களில் உன் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். நம் ஊட்டில் ‘மரத்துப்போச்சு’ என்ற வார்த்தைக்கு வேறு ஊட்டில் இல்லாத கனம் உண்டு. நீ அதை இவ்வளவு லேசாகச் சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். இதில் பாதி உனக்குத் தெரியாது. அவர் நம்மை விட்டுப் போன பிறகு எனக்கும் சர்க்கரை என்று வந்தது. மில் லேபில் நூல் சோதித்துக்கொண்டிருந்த வேலையும் ரிட்டயர்மெண்டோடு முடிந்தது. தினமும் உடம்பு வேர்க்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்றார் டாக்டரம்மா. சிங்காநல்லூர்க் குளக்கரையோரம் நடந்து பார்த்தேன். நடந்தால் யோசனை வருகிறது கண்ணு. கால் தன்பாட்டுக்கு நடக்க, மனது ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய்விடும். சைக்கிளில் அதற்கு இடமில்லை. பஸ்ஸைப் பார்க்க வேண்டும், பள்ளத்தைப் பார்க்க வேண்டும், குறுக்கே வரும் நாயைப் பார்க்க வேண்டும். நீ புனே போகும்போது பெட்ஷீட் போர்த்தி நிறுத்திவிட்டுப் போன கியர் சைக்கிளை வெளியே எடுத்தேன். பக்கத்துத் தெரு ஸ்டெல்லா துணைக்கு வந்தாள். என்னோடு அதே மில்லில் வேலை செய்தவள், என்னைவிட இளையவள், எப்போதும் லேடீஸ் சைக்கிளிலேயே கடைக்கும் சர்ச்சுக்கும் போய் வருகிறவள். பள்ளிக்கூடத்தோடு விட்ட சைக்கிளை அவள் பின்னால் போய்ப் போய்த்தான் திரும்பப் பழகினேன். நான் ஓட்டுகிற போட்டோவைப் பார்த்துவிட்டு நீ எனக்கு நீலக் கலரில் ஒரு ஷூ அனுப்பினாய். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிய அன்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உனக்குச் சொன்னேனா என்று தெரியவில்லை.

கொஞ்ச நாளில் தூரம் கூடியது. தூரம் கூடியதும் கால் விரல்களின் அடியில் முதலில் ஒரு குறுகுறுப்பு வந்தது. பிறகு எரிச்சல். பிறகு ஒன்றுமே இல்லை. விரல் இருக்கிற இடத்தில் யாரோ பஞ்சை வைத்துக் கட்டிய மாதிரி இருந்தது. இறங்கிச் சற்று நின்றால் எல்லாம் திரும்பி வந்துவிடும். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்ப்பேன். தொடுவது தெரியும். மறுநாள் வண்டியில் ஏறினால் மறுபடியும் போய்விடும். அவருக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று உள்ளுக்குள் முடிவே கட்டிவிட்டேன். அந்தப் பயத்தில்தான் டாக்டரிடமும் போகாமல் இருந்தேன். அவர் தள்ளிப்போட்டபோது எனக்குக் கோபம் வந்தது. எனக்கு வந்தபோதுதான் தள்ளிப்போடுகிறவன் மனது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

அந்தச் சமயத்தில் காலையில் சைக்கிள் ஓட்டும் பெண்கள் சிலர், மதுக்கரை வரைக்கும் போய் வரலாம் என்று எங்களையும் கூப்பிட்டார்கள். உக்கடம் தாண்டி, குனியமுத்தூர் தாண்டி, பாலக்காடு ரோட்டில் போனோம். குனியமுத்தூரிலேயே எனக்கு ரெண்டு காலும் மரத்துவிட்டது. எல்லாரும் முன்னால் போகிறார்கள், நான் மட்டும் நின்றால் என்ன நினைப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். மதுக்கரையில் ஒரு திருப்பத்தில் சிமெண்ட் லாரி ஒன்று எங்களைக் கடந்து பேக்டரிக்குள் திரும்பியது. எல்லாரும் நின்றார்கள். நானும் பிரேக் பிடித்துக் காலை ஊன்றினேன். ஊன்றினேனா என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணு. தரை இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. அப்படியே வண்டியோடு ரோட்டுப் பக்கமாகச் சாய்ந்து விழுந்தேன். லாரிக்குப் பின்னால் வந்த இன்னொரு லாரி கிறீச்சென்று நின்றது. அதன் சக்கரம் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

டிரைவர் கதவைத் திறந்துகொண்டு குதித்தார். பயத்தில் அவருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. ‘ஏனுங்கம்மா, கண்ணு தெரியலீங்களா உங்களுக்கு?’ என்று சத்தம் போட்டார். ‘கண்ணு தெரியுதுங்க. காலுதானுங்க தெரியல’ என்றேன். அதைச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு என்ன புரிந்ததோ, லாரியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து கொடுத்துவிட்டு நான் குடித்து முடிக்கும் வரை அங்கேயே நின்றார். முழங்கை மட்டும்தான் தோல் போயிருந்தது. ஸ்டெல்லா ஒரு சின்ன சரக்கு வண்டியைப் பிடித்து, என்னையும் ரெண்டு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அக்கா, எப்போருந்து இப்படி இருக்குது? ஏன் சொல்லலீங்க?’ என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

விழுந்ததை மட்டும் உன்னிடம் சொன்னேன். நீ போனில் கத்தினாய். ‘அப்பாவுக்கு நடந்தது பத்தாதாம்மா? அந்த சைக்கிள வித்துப்போடு. நாளைக்கே வித்துப்போடு. எனக்கு இருக்கறது நீ ஒருத்திதான்’ என்றாய். உன் குரல் உடைந்ததை நான் கேட்டேன். அதனால்தான் எதிர்த்துப் பேசவில்லை. ‘பாக்கறேன் சாமி’ என்றேன். நீ அதை விற்கிறேன் என்று எடுத்துக்கொண்டாய். நான் விற்கவில்லை. சைக்கிள் இங்கேதான் இருக்கிறது, நீ விட்டுப்போன அதே மூலையில். பெட்ஷீட்தான் இல்லை. கோபம் வந்தால் வரட்டும், மேலே படி.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அந்த சைக்கிளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இதை விற்றுவிட்டால் பயம் போய்விடுமா என்று யோசித்தேன். போகாது. கட்டிலில் படுத்திருந்தாலும் விரலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். மில்லில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் யாரும் மெஷினை விற்க மாட்டார்கள். எதனால் அறுகிறது என்று கண்டுபிடிக்கும் வரை லேபில் இருக்கிற எங்களை விட மாட்டார்கள். எனக்கு அது ஒன்றுதான் தெரியும், அதைச் செய்யலாம் என்று தீர்மானித்தேன். மறுநாள் காலை ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன்.

அவர் என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். தட்டினால் அதிரும் இரும்புக் கவை ஒன்றைக் கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்து, அதிர்வு எப்போது நிற்கிறது என்று கேட்டார். பாதத்தின் மேல் பக்கத்தில் விரல் வைத்து நாடி பார்த்தார். நான் ஒவ்வொன்றுக்கும் ‘தெரியுதுங்க, தெரியுதுங்க’ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எல்லாம் முடிந்ததும், ‘உங்க கால்ல உணர்ச்சி நல்லாத்தான் இருக்குதுங்க. ரத்த ஓட்டமும் நல்லா இருக்குது. வண்டில இருக்கறப்ப மட்டும் வந்து, எறங்குனா போயிருதுன்னா, பாதத்துல எங்கியோ நரம்பு அமுங்குதுன்னுதான் அர்த்தம். ஷூவையும் வண்டியையும் பாருங்க’ என்றார். உடனே விரலை நீட்டிக்கொண்டு, ‘ஆனா எறங்குன பொறவும் போகலைன்னாலோ, சும்மா இருக்கறப்ப வந்தாலோ, ஒரு நாள் கூடத் தள்ளாம வந்துருங்க. சக்கரை இருக்கறவங்க ஒவ்வொரு தடவ ஓட்டிட்டு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாக்கோணும். கொப்புளம், சிவப்பு எதுவும் இருக்கக் கூடாது’ என்றார். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லா, ‘என்னக்கா, நல்ல சேதிதானே சொன்னாங்க?’ என்றாள். ‘அதுதான் உக்காந்துட்டேன்’ என்றேன்.

லேபில் எங்களுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ரெண்டை மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அப்படித்தான் ஆரம்பித்தேன். முதலில் லேஸ். விழுந்துவிடக் கூடாது என்று நான் ஷூ லேஸை இறுக்கி இறுக்கிக் கட்டுவேன். அதைத் தளர்த்தினேன். மரத்துப்போவது கொஞ்சம் தள்ளிப்போனது, போகவில்லை. அடுத்து, மெத்தென்று இருக்கட்டும் என்று கடையில் ஒரு பஞ்சு அட்டை வாங்கி ஷூவுக்குள் வைத்தேன். முன்னைவிட மோசமானது. ஏன் என்று யோசித்தபோதுதான் புரிந்தது, உள்ளே இருந்த கொஞ்சநஞ்ச இடத்தையும் அந்த அட்டை அடைத்துக்கொண்டது. அதை எடுத்து எறிந்துவிட்டு, தடித்த சாக்ஸையும் விட்டுவிட்டு, மெல்லிய சாக்ஸ் போட்டேன். அப்போதும் முழுசாகத் தீரவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் பழைய காலண்டர் தாளைத் தரையில் போட்டு, அதன் மேல் நின்று, ஸ்டெல்லாவை என் பாதத்தைச் சுற்றிக் கோடு போடச் சொன்னேன். அந்தக் கோட்டின் மேல் நீ அனுப்பிய ஷூவை வைத்தோம். பாதத்தின் கோடு ரெண்டு பக்கமும் ஷூவுக்கு வெளியே நின்றது. நீளம் சரி, அகலம் போதவில்லை. ஓட்ட ஓட்ட வெயிலுக்கும் உழைப்புக்கும் பாதம் வீங்கும், வீங்கின பாதத்துக்கு அந்த ஷூவுக்குள் போக்கிடம் இல்லை. ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்தாள். ‘தம்பி ஆசையா வாங்கிக் குடுத்ததாச்சேக்கா’ என்றாள். எனக்கும் அதுதான் வருத்தம். ஆனால் ஆசை வேறு, அளவு வேறு கண்ணு. மறுநாள் நானே கடைக்குப் போனேன். விரல்கள் விரிந்து அசைகிற மாதிரி முன்பக்கம் அகலமாகவும், அடிப்பாகம் வளையாமல் உறுதியாகவும் ஒரு ஷூ தேடி வாங்கினேன். அடி மெலிதாக இருந்தால் பெடலின் விளிம்பு பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும். உன் நீல ஷூ பெட்டியிலேயே பத்திரமாக இருக்கிறது. அதைப் போடாததற்காக நீ ஒரு நாள் முகம் வாடினாலும் பரவாயில்லை, நான் லாரிக்கு முன்னால் விழுவதைவிட அது மேல்.

ஷூ மாற்றியதும் இடது கால் அநேகமாகச் சரியாகிவிட்டது. வலது கால் மட்டும் அடம்பிடித்தது. அப்போது ஸ்டெல்லா ஒரு யோசனை சொன்னாள், ஒரு நாள் வண்டியை மாற்றி ஓட்டலாம் என்று. அவள் லேடீஸ் சைக்கிளில் நானும், உன் சைக்கிளில் அவளும் ஒண்டிப்புதூர் வரைக்கும் போனோம். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. அவளோ இறங்கும்போது, ‘என்னக்கா இது, எக்கி எக்கி மிதிக்க வேண்டியிருக்குது’ என்றாள். அப்போதுதான் உறைத்தது. உன் உயரத்துக்கு வைத்த சீட்டை நான் இறக்கவே இல்லை. பெடல் கீழே போகும்போதெல்லாம் குதிகால் மேலே தூக்கி, விரல் நுனியால் எட்டி எட்டி மிதித்திருக்கிறேன். உடம்பின் பாரம் மொத்தமும் விரலடியில்தான் விழுந்திருக்கிறது, அதிலும் நான் பலமாக மிதிக்கிற வலது காலில்தான் அதிகம். சீட்டை இறக்கினேன். ஆத்திரத்தில் ரொம்பவே இறக்கிவிட்டேன் போலிருக்கிறது, முழங்கால் முன்பக்கம் வலித்தது. மறுபடி கொஞ்சம் ஏற்றினேன். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியும் பாதம் இயல்பாகவும் இருக்கிற இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

இன்னும் ரெண்டு விஷயம் மிச்சம் இருந்தது. ஒன்று, நான் எப்போதும் கனமான கியரிலேயே மிதிப்பேன். பலமாக மிதித்தால்தான் உடற்பயிற்சி என்று ஒரு நினைப்பு. ஒவ்வொரு மிதிக்கும் பாதம் நசுங்கும். கியரை லேசாக்கி, காலை வேகமாகச் சுற்றப் பழகினேன். முதலில் சர்க்கஸ்காரி மாதிரி இருந்தது, ஸ்டெல்லா சிரித்துச் சிரித்துக் கீழே விழப் பார்த்தாள். இன்னொன்று, விரல் நுனியை பெடலில் வைத்து ஓட்டுவதை விட்டுவிட்டு, பாதத்தைச் சற்று முன்னால் தள்ளி வைத்தேன். பாதத்தின் முன்பக்கத்து மேட்டுக்குக் கொஞ்சம் பின்னால் பெடலின் அச்சு வருகிற மாதிரி. சின்ன பெடலை எடுத்துவிட்டு அகலமான பெடல் போட்டேன். இதற்கெல்லாம் மேலே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ரோடு காலியாக இருக்கும்போது மிதிப்பதை நிறுத்தி, ஷூவுக்குள் விரல்களை மடக்கி விரிப்பேன். குறுகுறுப்பு ஆரம்பிக்கிறது என்று தெரிந்தால், மரத்துப்போகிற வரை காத்திருக்க மாட்டேன், ஓரமாக நிறுத்தி இறங்கிவிடுவேன். இறங்கி நாலு எட்டு நடந்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் ஸ்டெல்லாவும் மட்டும் மதுக்கரைக்குக் கிளம்பினோம். கூட்டத்தோடு போகவில்லை. நான் எங்கே நினைத்தாலும் நிற்க வேண்டும், யாரையும் பார்த்து வெட்கப்படக் கூடாது என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். உக்கடத்தில் ஒரு தடவை இறங்கினேன், குனியமுத்தூரில் டீக்கடையில் இறங்கினேன். கால் என் காலாகவே இருந்தது. அந்தத் திருப்பம் வந்தது. லாரி எதுவும் வரவில்லை, ஆனாலும் வேண்டுமென்றே பிரேக் பிடித்துக் காலை ஊன்றினேன். ஷூவுக்கு அடியில் ஒரு சின்ன ஜல்லிக்கல் கிடந்தது. கெட்டியான அடியையும் மீறி அது குத்தியது எனக்குத் தெரிந்தது. ‘ஸ்டெல்லா, கல்லு குத்துது’ என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ‘எடுத்துப்போடறதுதானுங்க அக்கா’ என்றாள். நான் சிரித்துக்கொண்டே அந்தக் கல்லின் மேலேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவருக்குக் கிடைக்காமல் போன ஒரு சின்ன வலி எனக்குக் கிடைத்திருக்கிறது என்று தோன்றியது.

இப்போது உனக்கு வருகிறேன். நீ வைத்திருப்பது பெடலில் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும் ஷூ. அதன் அடியில் திருகியிருக்கும் கிளிப் விரல் பக்கமாக இருந்தால், பாரமெல்லாம் அந்த ஒரே இடத்தில்தான் விழும். அதைக் கொஞ்சம் குதிகால் பக்கமாகத் தள்ளிப் பார். ரெண்டு காலுக்கும் ஒரே அளவாகத் தள்ளு. ஷூவின் மேலே திருகி இறுக்குகிற அந்தக் குமிழைக் கிளம்பும்போது தளர்வாகவே வை, வெயில் ஏற ஏறப் பாதம் வீங்கும் என்பதை மறக்காதே. புது ஷூ வாங்கினால் சாயங்காலம் போய் வாங்கு, பாதம் அன்றைக்குப் பெரிதாகிற அளவுக்குப் பெரிதாகி இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு நேராக கோவாவுக்குக் கிளம்பாதே, அதற்கு முன் நாலைந்து தடவை ஓட்டிப் பழக்கிவிடு. சீட்டைப் பார், மலையேற்றத்தில் கனமான கியரைப் பிடித்துக்கொண்டு வீம்பு பண்ணாதே. ஒவ்வொன்றாக மாற்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் திருகிவிட்டு, ‘அம்மா சொன்னதச் செஞ்சும் சரியாகல’ என்று என்னிடம் வராதே.

இதையெல்லாம் செய்த பிறகும் மரத்துப்போவது நிற்கவில்லை என்றால், அல்லது இறங்கிய பிறகும் உணர்ச்சி திரும்பவில்லை என்றால், அல்லது படுத்திருக்கும்போது பாதம் எரிகிறது என்றால், அங்கேயே ஒரு டாக்டரைப் பார். எனக்கு வந்ததற்குக் காரணம் வெறும் ஷூவும் சீட்டும்தான் என்று தெரிந்துகொள்ளவே நான் முதலில் டாக்டரிடம்தான் போனேன். நீ உன் அப்பாவின் பிள்ளை, என் பிள்ளையும்கூட. ரெண்டு பக்கமும் சர்க்கரை இருக்கிற வம்சம். கிளம்புவதற்கு முன் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு. நீ இளைஞன், திடகாத்திரமாக இருக்கிறாய், எல்லாம் எனக்குத் தெரிகிறது. ஆனாலும் பார்த்துவிடு. இதில் நான் உன்னைக் கெஞ்சவில்லை, கண்ணு. சொல்கிறேன்.

வழியில் கால் மரத்தால், நீ இறங்கியே ஆக வேண்டும். சிநேகிதர்கள் மலை மேல் ஏறிக்கொண்டிருக்கலாம், கைதட்டிக் கூப்பிடலாம், கிண்டல் பண்ணலாம். நீ ஓரமாக நிறுத்தி, ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார். நல்ல சிநேகிதர்கள் மேலே போய்க் காத்திருப்பார்கள். நான் குனியமுத்தூரில் இறங்க வெட்கப்பட்டதற்கு மதுக்கரையில் என்ன நடந்தது என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

சைக்கிளை விற்காமல் வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் உனக்குக் கோபம் வரும். கோபப்படு. நீயும் உன் சைக்கிளை விற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை என்பதையும் யோசித்துக்கொள். நீ அந்தக் கடலோரம் முழுக்கப் பார்க்க வேண்டும், ஏற்றம் ஏறி இறக்கத்தில் காற்று வாங்க வேண்டும், சிரித்துக்கொண்டே போய்ச் சேர வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

நீ புனேயில் கிளம்புகிற அதே காலையில் நானும் ஸ்டெல்லாவும் இங்கேயிருந்து சோமனூருக்குக் கிளம்புகிறோம். அவள் தங்கச்சி ஊட்டுக்கு. இதுவரை நாங்கள் அவ்வளவு தூரம் போனதில்லை. கருமத்தம்பட்டிப் பக்கம் லாரி அதிகம், அதனால் வெயிலுக்கு முன்னாலேயே கிளம்பிவிட வேண்டும் என்று அவள் நேற்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆனால் நீ எனக்குப் போன் செய்து, கிளிப்பைத் தள்ளினாயா, சீட்டைப் பார்த்தாயா, ரத்தம் கொடுத்தாயா என்று மூன்றுக்கும் பதில் சொல்லாமல் நான் வண்டியில் ஏற மாட்டேன். ‘வெயிலு ஏறுதுங்க அக்கா’ என்று அவள் எத்தனை சத்தம் போட்டாலும், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு, நம் கேட்டிலேயே நின்றுகொண்டிருப்பேன். சீக்கிரம் கூப்பிடு கண்ணு.

உன்
அம்மா